திப்புவின் அரண்மனைப் புலிகளுக்கு என்ன நேர்ந்தது?

திப்பு சுல்தான் என்று சொன்னவுடன் நம் பிள்ளைகளின் மனதில் வந்து நிற்பது புலிதான். காலண்டர் படங்களில் அவர் புலியோடு மல்லுக்கட்டுகிறார். பள்ளி விழா நாடகங்களில் அதன் வாயைப் பிளக்கிறார். இப்போது இன்னொன்றும் இதோடு சேர்ந்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் செல்வந்தர் சிலர் சிவிங்கிப்புலியைக் காரின் முன்னிருக்கையில் உட்கார வைத்து ஊர்வலம் போகும் காணொளிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் பக்கத்து நம் குடும்பங்களில் வளைகுடாவில் சம்பாதிக்கும் உறவினர் இல்லாத வீடு குறைவு. அதனால் அந்தக் காணொளிகள் நமக்கு அந்நியமாகத் தெரிவதும் இல்லை. காட்டு விலங்கை இப்படி வீட்டில் அடைப்பது தகுமா என்று இளைஞர்களிடம் கேட்டால், திப்பு சுல்தானே வளர்த்தாரே என்று பதில் வருகிறது.

அவர் வளர்த்தார் என்பது உண்மை. அந்தப் புலிகள் கடைசியில் என்னவாயின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதில் முழுமை பெறும். எனவே, பலரும் பலமுறை எழுதிவிட்ட திப்புவின் வாழ்க்கையை, இம்முறை அவருடைய அரண்மனையில் சங்கிலியில் நின்ற உயிர்களின் பக்கமிருந்து சொல்ல முயல்கிறோம்.

தேனிப் பகுதி மக்களுக்குத் திப்பு வேற்று நாட்டு மன்னர் அல்லர் என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். அவருடைய தந்தை ஹைதர் அலி, மைசூரின் ஆட்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, 1755இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக நியமிக்கப்பட்டவர். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு தமது முதல் ஆயுதச்சாலையை அவர் அமைத்ததும் திண்டுக்கல்லில்தான். அன்றைய திண்டுக்கல் சீமை என்பது இன்றைய திண்டுக்கல் நகரத்தோடு முடிந்துவிடவில்லை. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம், கோம்பை என்று கம்பம் பள்ளத்தாக்கின் பாளையங்கள் அதற்குள் அடங்கின. ஹைதருக்குப் பின் அது திப்புவின் சீமை ஆனது. திண்டுக்கல் பேகம்பூரில் ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருப்பதும், அந்த ஊருக்கே அவரால் பெயர் வந்ததும் அப்பகுதியினர் அறிந்ததே. மேகமலை அடிவாரத்தில் புலி உறுமிய காலத்தில் அந்த மண்ணுக்கு வரி வாங்கிய அரசர், புலியைத் தம் கொடியில் வைத்திருந்தார்.

திப்பு 1750 நவம்பர் 20 அன்று பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில் பிறந்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. தாயார் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா. திப்பு என்றால் கன்னடத்தில் புலி என்று பொருள் என இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவ்லியா என்ற பெரியாரின் நினைவாகப் பெற்றோர் வைத்த பெயர் அது. பாட்டனாரின் பெயரை ஒட்டி ஃபத்ஹ் அலி என்றும் அழைத்தார்கள். ஆக, பெயர் ஆற்காட்டிலிருந்து, நம் தமிழ் மண்ணிலிருந்து போனது. புலி அதில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

குர்ஆன், பாரசீகம், அரபு, குதிரையேற்றம், வாள், துப்பாக்கி என்று அன்றைய அரச குடும்பத்துப் பிள்ளை கற்க வேண்டிய அனைத்தையும் அவர் கற்றார். அந்தப் பட்டியலில் வேட்டையும் இருந்தது. ஹைதரும் திப்புவும் விரும்பிய வேட்டை, சிவிங்கிப்புலியை அவிழ்த்துவிட்டு வெளிமானைப் பிடிக்கும் வேட்டை. சிவிங்கிப்புலியும் சிறுத்தையும் ஒன்றல்ல. சிறுத்தை மரமேறும், பதுங்கியிருந்து பாயும். சிவிங்கிப்புலி ஒல்லியான உடலும் நீண்ட காலும் உடையது. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு இருக்கும். திறந்த வெளியில் ஓடித் துரத்தும். மைசூர் மேட்டு நிலத்திலும் அதை ஒட்டிய தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் அன்று அது இயல்பாக வாழ்ந்தது.

அதை எப்படி வளர்த்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிவிங்கிப்புலிகள் வந்து உடலைத் தேய்க்கும், நகம் கூர்தீட்டும் மரங்கள் காட்டில் உண்டு. அவற்றைச் சுற்றிக் கண்ணி வைத்துப் பிடித்தார்கள். குட்டியைப் பிடிப்பதில்லை, வளர்ந்ததையே பிடித்தார்கள். காரணம் எளிது: வேட்டையாடத் தாய்தான் கற்றுக்கொடுக்க முடியும். தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு மானைத் துரத்தத் தெரியாது. பிடிபட்டதன் கண்ணை மூடி முகமூடி மாட்டி, கயிற்றுக் கட்டிலோடு கட்டி, பெண்களும் குழந்தைகளும் பேசிக்கொண்டே நடமாடும் தெருவோரம் வைப்பார்கள். இரவில் தூங்கவிடாமல் பழக்குவதும் உண்டு. கையால் ஊட்டி ஊட்டி மனித வாடைக்குப் பழக்கிய பின், கண்கட்டோடு மாட்டுவண்டியில் ஏற்றி வேட்டைக்கு ஓட்டிப் போவார்கள். மான் கூட்டம் தெரிந்ததும் முகமூடி கழலும்.

இந்தக் கலை முகலாயரிடமும் இருந்தது. அக்பரிடம் ஒரு சமயத்தில் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் இருந்தன என்று அவர் மகன் ஜஹாங்கீர் எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் பழக்கும் வேலையை அக்பர் 18 நாள்களில் முடிக்கும் முறையைக் கண்டார் என்று அபுல் ஃபஸ்ல் பெருமையோடு குறிப்பிடுகிறார். அவருக்குப் பிரியமான சமந்த் மானிக் என்ற விலங்குக்குப் பல்லக்கும், முன்னே முரசொலியும் இருந்தன. இவ்வளவு செல்வாக்கு இருந்தும் அந்தப் பேரரசரால் முடியாத ஒன்று இருந்தது. அவை அரண்மனையில் குட்டி போடவில்லை. தோட்டங்களில் ஆணையும் பெண்ணையும் அவிழ்த்துவிட்டுப் பார்த்தார், பலன் இல்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஒரே ஒரு முறை, கழுத்துப்பட்டையை உருவிக்கொண்ட ஓர் ஆண், பெண்ணிடம் போய்ச் சேர, இரண்டரை மாதம் கழித்து மூன்று குட்டிகள் பிறந்தன. அது அதிசயமாக இருந்ததால்தான் பேரரசரே தம் நினைவேட்டில் அதை எழுதி வைத்தார். அதன் பிறகு அடைப்பில் சிவிங்கிப்புலி குட்டி ஈன்றதற்கான பதிவு 1956இல் அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையில்தான் கிடைக்கிறது. இடையே முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல்.

இதன் பொருள் என்ன? ஆயிரம் விலங்கு வேண்டுமென்றால் ஆயிரத்தையும் காட்டிலிருந்துதான் பிடிக்க வேண்டும். ஒன்று இறந்தால் இன்னொன்றுக்குக் காட்டுக்குத்தான் போக வேண்டும். குட்டியோடிருந்த தாயைப் பிடித்தால் அந்தக் குட்டிகளின் கதையும் அங்கேயே முடிந்தது. டெல்லி, ஆக்ரா தொடங்கி ஒவ்வொரு சமஸ்தானமும் இப்படியே பிடித்தது. ஆங்கிலேயரும் இதில் சேர்ந்துகொண்டார்கள். சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகாட், ஒரு சிவிங்கிப்புலியை இரண்டு இந்தியப் பராமரிப்பாளர்களோடு மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அனுப்பினார். 1764இல் வின்ட்சர் பூங்காவில் ஒரு கலைமான்மேல் அதை ஏவியபோது, அந்த மான் திருப்பி முட்டி விரட்டியது. சிவிங்கிப்புலி தப்பி ஓடிவிட்டது. ஸ்டப்ஸ் என்ற ஓவியர் தீட்டிய அந்தக் காட்சி இன்று மான்செஸ்டரில் இருக்கிறது. முண்டாசு கட்டிய நம் நாட்டார் இருவர் அதில் நிற்கிறார்கள். அவர்களுடைய பெயரை யாரும் ஓவியத்தோடு எழுதி வைக்கவில்லை.

திப்புவின் போர் வாழ்க்கை நம் வாசகர்களுக்குத் தெரிந்தது, வேகமாகக் கடப்போம். முதல் மைசூர்ப் போரில், பதினேழு வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்தபோதே, சென்னையின் புறநகர் வரை குதிரைப்படையோடு வந்து கம்பெனியைக் கலங்கடித்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் இறந்தார். ஆட்சி திப்புவிடம் வந்தது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை. இந்திய அரசர் ஒருவர் ஆங்கிலேயரிடம் நிமிர்ந்து நின்று செய்துகொண்ட கடைசி உடன்படிக்கைகளில் அது ஒன்று. போருக்கு நடுவே பட்டுத் தொழில், ஏவுகணைப் படை, ஏறக்குறைய 2,000 நூல்கள் கொண்ட நூலகம் என்று அவர் செய்தவை தனிக் கட்டுரைகளுக்கு உரியவை.

நாம் புலிக்கு வருவோம். ஆட்சிக்கு வந்த திப்பு, தம் அரசின் ஒவ்வொரு பொருளிலும் புலியைப் பொறித்தார். வீரர்களின் உடையில் புலிவரி. பீரங்கியின் வாய் புலியின் வாய். வாளின் பிடியில் புலித்தலை. சிம்மாசனத்தைத் தாங்கியது பொன் தகடு வேய்ந்த பெரிய புலி. எழுத்துகளையே புலிமுகமாக வளைத்து எழுதிய ஒரு முத்திரையும் இருந்தது. அதில் அடங்கியிருந்த சொற்கள், அல்லாஹ்வின் சிங்கம் வெற்றி கொள்வது என்ற பொருள் தருபவை. அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரைக் குறிப்பவை. அரபியில் அசத் என்பது சிங்கம். ஆனால் இந்துஸ்தானியில் ஷேர் என்ற சொல் சிங்கத்துக்கும் புலிக்கும் பொதுவாக வழங்கியது. தென்னிந்தியக் காட்டில் சிங்கம் இல்லை, புலி உண்டு. அரபு நாட்டுச் சிங்கம் மைசூரில் புலியானது இப்படித்தான் என்று கருதுவதில் தவறில்லை. கத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் புலியைக் கொன்றார் என்ற காலண்டர் கதையை நாம் கதையாகவே வைத்துக்கொள்வோம். அவருடைய வீரத்துக்கு அந்தச் சாட்சி தேவையில்லை.

மரத்திலும் பொன்னிலும் துணியிலும் இருந்த புலிகள் போதாமல், உயிருள்ள புலிகளும் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனை வளாகத்தில் இருந்தன. தூதர்களும் வணிகர்களும் பார்க்கும் இடத்தில் புலி நின்றால், அரசரின் வலிமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய உலகில் இது புதுமையும் அல்ல. அதே காலத்தில் லண்டன் கோபுரக் கோட்டையில் ஆங்கில மன்னர்களும் சிங்கங்களை அடைத்து வைத்துக் காசு வாங்கிக் காட்டினார்கள். திப்புவின் மேல் மட்டும் இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. அதே வேளையில், அதைச் செல்லப்பிராணி வளர்ப்பு என்று சொல்வதும் சரியாகாது. அது அரசியல். புலி அங்கே ஒரு கொடி. ஆனால் பசிக்கும் கொடி.

அந்தப் பசி எவ்வளவு என்று நம் காலத்துக் கணக்கில் சொல்லலாம். விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்த புலிக்கு நாளொன்றுக்கு 5 முதல் 8 கிலோ இறைச்சி வேண்டும். காட்டில் ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது மான் அளவுள்ள இரைகளை அடிக்கிறது. அரசர் இருக்கும்வரை ஆடும் மாடும் வரும், ஊட்ட ஆள் இருப்பார். அரசர் இல்லாவிட்டால்?

அந்த நாள் படிப்படியாக நெருங்கியது. மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனியும் நிஜாமும் மராத்தியரும் சேர்ந்து வந்தார்கள். 1792இல் திப்பு பாதி நாட்டை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார். அதற்குப் பிணையாகத் தம் இரு சிறு மகன்களை, அப்துல் காலிக்கையும் முயிஸுத்தீனையும், கார்ன்வாலிஸிடம் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளைகள் சென்னையில் வளர்ந்து 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். கம்பெனிக்குப் போன பகுதிகளில் மலபார், பாராமகால் ஆகியவற்றோடு திண்டுக்கல் சீமையும் ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கு ஆங்கிலேயர் கைக்குப் போன வரலாறு இந்த ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது.

1799. நான்காம் போர். மே 4ஆம் நாள், உச்சி வெயிலில், திப்பு உணவில் இருந்தபோது கோட்டைச் சுவர் உடைக்கப்பட்ட இடத்தில் தாக்குதல் தொடங்கியது. அவர் எழுந்து போனார். மாலைக்குள் கோட்டை வாயில் ஒன்றருகே சடலங்களின் குவியலுக்குள் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. தப்பிச் செல்ல வழியிருந்தும் போகாமல் நின்று போரிட்டு ஷஹீதானார் என்றே நம் முன்னோர் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். மறுநாள், இடியும் மழையுமாக இருந்த மாலையில், தந்தை ஹைதரும் தாயும் அடங்கியிருக்கும் கும்பஸில் அவர் அடக்கப்பட்டார்.

அரண்மனைக்குள் அந்த நேரத்தில் புலிகள் இருந்தன. நகரம் கொள்ளை போய்க்கொண்டிருந்தது. ஊட்டுபவர்கள் இறந்திருக்கலாம், ஓடியிருக்கலாம். நகரத்தின் பொறுப்பை ஏற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான், தளபதி ஹாரிஸுக்குத் தகவல் அனுப்பினார். புலிகளுக்கு இரை இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவை மூர்க்கமாகி வருகின்றன. நிஜாமின் தளபதி மீர் ஆலம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், இல்லையேல் சுட உத்தரவிட வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். புலிகள் சுடப்பட்டன. அரசருக்குக் கும்பஸில் இடம் கிடைத்தது, ராணுவ மரியாதை கிடைத்தது. அரசரின் அடையாளமாக நின்றவற்றுக்குச் சில நாள் பட்டினியும் ஆளுக்கொரு குண்டும்.

வெல்லெஸ்லியை இதில் கொடியவர் என்று நாம் எழுதப் போவதில்லை. அந்த நிலையில் வேறு யார் இருந்தாலும் பெரும்பாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சங்கிலியை அவிழ்த்தால் ஊருக்குள் போகும், அவிழ்க்காவிட்டால் சாகும். காட்டுக்குத் திரும்பினாலும் மனிதரை அஞ்சாத புலி மனிதருக்கே ஆபத்து. கட்டிய அன்றே அதன் முடிவும் எழுதப்பட்டுவிட்டது. எத்தனை பெரிய சுல்தானாக இருந்தாலும், தாம் இல்லாத மறுநாள் அதற்கு யார் ஊட்டுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் தர முடியவில்லை.

நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஒரு பெண்ணின் நிலை இங்கே நினைவுக்கு வராமல் போகாது. பூனை ஒன்றைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்னவும் அவிழ்த்துவிடாமல் சாகவிட்டதற்காக அவள் வேதனைக்குள்ளானாள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. பூனை வளர்ப்பது ஆகுமானதே. அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனையோடு சேர்ந்தது. அடைத்து வைத்த பின் அதன் பசிக்கு முழுப் பொறுப்பும் நம்முடையது என்பதே அங்கே கேள்வி. வீட்டுப் பூனைக்கே இது என்றால், தன் இரையைத் தேட ஒரு மலையே வேண்டியிருக்கும் விலங்கை அடைப்பவரின் பொறுப்பு எவ்வளவு?

உயிரில்லாத புலிகளுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடலாம். ஆங்கிலேயச் சிப்பாயின்மேல் புலி படுத்திருக்கும் மரப்பொறி ஒன்று அரண்மனையில் கிடைத்தது. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், வீழ்ந்தவன் முனகுவான். அது கப்பலேறி, 1808 முதல் லண்டனில் கம்பெனியின் மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கூரை இடிந்து அது நொறுங்கியபோது, துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டிப் பழுதுபார்த்தார்கள். சிம்மாசனத்தின் பொன் புலித்தலை வின்ட்சர் கோட்டைக்குப் போனது. போரில் கலந்துகொண்ட வீரர்களுக்குக் கம்பெனி வழங்கிய பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியைக் கீழே வீழ்த்தியிருக்கிறது. அந்தச் சிங்கத்தின் கொடியில் திப்பு பயன்படுத்திய அதே அரபுச் சொற்களைப் பொறித்துவிட்டார்கள்.

சிவிங்கிப்புலிகள் மட்டும் உடனே சாகவில்லை. அவை வேட்டைக்குப் பயன்படும் என்பதால் வெல்லெஸ்லி அவற்றை வைத்துக்கொண்டு மான் வேட்டையாடினார். ஆனால் அவற்றின் இனம் தப்பவில்லை. பிடிப்பதும் சுடுவதும் புல்வெளி அழிவதுமாக எண்ணிக்கை தேய்ந்து, 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்து மன்னர் ஒரே இரவில் மூன்றைச் சுட்டு வீழ்த்தியதுதான் கடைசி உறுதியான பதிவாகக் கருதப்படுகிறது. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விடும் நிலைக்கு நாடு வந்து சேர்ந்தது.

திப்புவின் குடும்பத்தாரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் எழுந்தபோது கோட்டையின் மேல் ஏறியது மைசூரின் புலிவரிக் கொடி. புரட்சி அன்றே நசுக்கப்பட்டது. குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. தென்னாட்டுக்கு மிக அருகில் அவர்களை வைத்திருக்கக் கம்பெனிக்கு இனித் துணிவில்லை.

இனி அந்த இளைஞர்களின் கேள்விக்கு வருகிறோம். 2011 அக்டோபரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு தனியார் பண்ணை உரிமையாளர், தாம் வளர்த்த விலங்குகளில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். காவல்துறையினர் அவற்றைச் சுட வேண்டியதாயிற்று. இறந்தவற்றில் 18 வங்கப் புலிகள். ஸ்ரீரங்கப்பட்டணம் நடந்து 212 ஆண்டுகளுக்குப் பின், வல்லரசு நாட்டில், அதே முடிவு. அமெரிக்கா 2022 டிசம்பரில்தான் பெரும்பூனைகளைத் தனியார் செல்லப்பிராணியாக வைத்திருப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

வளைகுடாக் காணொளிகளில் தெரியும் குட்டிகளில் பல, சோமாலிலாந்து, எத்தியோப்பியா பக்கத்துக் காடுகளில் தாயிடமிருந்து பறிக்கப்பட்டு, யெமன் வழியாகக் கடத்தப்படுபவை. கூடையிலும் பெட்டியிலும் வரும் வழியிலேயே பல செத்துப்போகின்றன. உலகம் முழுவதும் காட்டில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 7,000தான். காணொளியைப் பார்த்துவிட்டு, அங்கே எல்லாம் அனுமதி உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம் 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் ஆபத்தான விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்துவிட்டது. மீறினால் சிறை உண்டு. 5 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், முதலாளியின் விலங்கோடு படம் எடுத்துப் போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புலி, சிறுத்தை மட்டுமல்ல, வீட்டுப் பூனை அளவே உள்ள சிறுத்தைப்பூனையும் அதன் முதல் அட்டவணையில் வருகிறது. வேட்டையாடினாலோ வீட்டில் வைத்திருந்தாலோ குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் போனால் ஏழு ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லியும் தப்ப முடியாது. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிக்குள் ஒரு மாதக் கைக்குழந்தையான சிறுத்தைக் குட்டி கத்திக்கொண்டிருந்தது. சுங்கத்துறையினர் அதை வண்டலூர் பூங்காவிடம் ஒப்படைத்தார்கள். பால் குடிக்கும் வயது அதற்கு.

சந்தையில் பெங்கால் பூனை என்று பல ஆயிரம் ரூபாய் விலை சொல்லப்படும் புள்ளிப் பூனையின் கதையும் இதோடு தொடர்புள்ளது. வீட்டுப் பூனையையும் ஆசியக் காட்டுச் சிறுத்தைப்பூனையையும் கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. பல தலைமுறை தாண்டியது வீட்டுப் பூனைபோல இருக்கும். முதல் சில தலைமுறைகள் அப்படி இருப்பதில்லை. வீடெங்கும் சிறுநீர் தெளிக்கும், சாதாரணக் கூண்டுக்குள் அடங்காது. அந்தச் சிறுத்தைப்பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வாழ்கிறது.

பழக்கிய விலங்கு வேறு, வளர்ப்பு விலங்கு வேறு. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கோம்பை நாய் தலைமுறை தலைமுறையாக மனிதனோடு வாழ்ந்து, வாசலைக் காப்பதையே இயல்பாகக் கொண்டது. ராவுத்தர் என்ற நம் பெயரே குதிரையேற்றத்திலிருந்து வந்தது. அந்தக் குதிரைக்கும் மனிதனுக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டு உறவு. புலிக்கு அப்படி ஓர் உறவு கிடையாது. கூண்டில் பிறந்த புலியும் புலிதான்.

திப்புவின் காலத்தில் திண்டுக்கல் சீமையாக இருந்த அந்த மலைகளில் புலி இன்னும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம் அது. குமுளிக்கு அப்பால் கேரளத்தின் பெரியாறு காப்பகத்தோடு அந்தக் காடு தொடர்ந்து போகிறது. எல்லை மலைகளில் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும், அடிவாரத்தில் கரும்பு வெட்டுகிறவர்களும் எப்போதாவது புதருக்குள் கண்திறக்காத குட்டிகளைக் காண்பதுண்டு. பெரும்பாலும் அவை காட்டுப்பூனையின் குட்டிகளாகவே இருக்கும். சில நேரம் சிறுத்தையின் குட்டிகளாகவும் இருக்கலாம். அனாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். தாய் பகலில் விலகி இருக்கும், இரவில் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போகும். அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு, குட்டியைத் தொடாமல், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொன்னால் போதும்.